லோன் கார்டின் பின்பக்கம்

2023 ஆகஸ்டில் ஒரு நாள். பட்டுக்கோட்டையில் கடையைச் சாத்திவிட்டு, கடைசிக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்து ஊரில் இறங்கினேன். மணி எட்டு இருக்கும். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீடு மட்டும் இருட்டாகக் கிடந்தது. வாசலில் அம்மாவின் செருப்பு இல்லை. கதவைத் தட்டினேன், பதில் இல்லை. கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தால், அடுப்படிச் சுவரில் சாய்ந்து அம்மா உட்கார்ந்திருந்தாள். செருப்பு இரண்டும் அவள் மடிக்குப் பக்கத்தில் இருந்தன. உள்ளே கட்டிலில் அப்பா கண்ணை மூடாமல் படுத்திருந்தார்.

"சத்தம் போடாதடி. அவனுவ இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறானுவ" என்றாள் அம்மா.

சொந்த வீட்டுக்குள் செருப்பை எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, மூச்சு விடாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்த அந்தக் காட்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. நான் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடிக்கிறவள். கோர்ட்டுக்குப் பக்கத்துக் கடை. பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், வாரிசுச் சான்று, ஜீவனாம்சம் என்று பத்து வருஷமாக ஊராருக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் நடப்பதற்கு ஒரு வரி எழுத எனக்கு அதுவரை தோன்றியதில்லை. கடன் வாங்கினோம், கட்டவில்லை, ஆகவே பேச நமக்கு வாய் இல்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கடன் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்து போனபோது எங்கள் கொல்லையில் நின்ற தென்னை அத்தனையும் சாய்ந்தன. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. அதில் கன்று வாங்கி வைத்தோம். கன்று காய்க்க வருஷக்கணக்காகும். அதுவரை சாப்பிட வேண்டுமே. மரம் வைத்திருந்த அப்பா, அடுத்தவர் களத்தில் தேங்காய் உரிக்கும் கூலிக்குப் போனார். அம்மாவின் தாலிச் செயின் கூட்டுறவு பேங்கில் அடகுக்குப் போனது, திரும்ப வரவில்லை. மஞ்சள் கயிற்றில் தாலியும் இரண்டு குண்டும் மட்டும் அவள் கழுத்தில் மிஞ்சின. அந்தச் சமயத்தில்தான் தெருவுக்குத் தெரு பைக்கில் வந்தார்கள் மைக்ரோ ஃபைனான்ஸ்காரர்கள். பத்துப் பெண்கள் சேர்ந்தால் குழு. ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கொடுத்தால் ஒரு வாரத்தில் கணக்கில் பணம். பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. பேங்க் மேனேஜர் நாற்காலியில் உட்காரச் சொல்லாத பெண்களை, "வாங்கம்மா" என்று கூப்பிட்டுக் கடன் கொடுத்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பணத்தில் எங்கள் தெருவில் இரண்டு பேர் மாடு வாங்கினார்கள், ஒருத்தி தையல் மிஷின் வாங்கினாள்.

அம்மா முதலில் வாங்கியதை ஒழுங்காகக் கட்டி முடித்தாள். 2022 நவம்பரில் மறுபடி 40,000 ரூபாய் வாங்கினாள், 24 மாதத் தவணை, மாதம் 2,115 ரூபாய். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதி குழுத் தலைவி வீட்டுத் திண்ணையில் 'சென்டர் மீட்டிங்'. ஆறு தவணை தவறாமல் கட்டினாள். 2023 மே மாதக் கடைசியில் அப்பா மொபெட்டிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. தஞ்சாவூரில் பிளேட் வைத்தார்கள். தேங்காய் உரிப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை. மூன்று மாதம் அவர் காலை ஊன்றவே இல்லை. ஜூன் டியூ நின்றது. ஜூலையும் நின்றது.

ஒருத்தி கட்டவில்லையென்றால் என்ன நடக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. மற்ற ஒன்பது பேரையும் எழுந்து போக விடமாட்டார்கள். களையெடுக்கப் போக வேண்டியவள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியவள், எல்லோரும் அந்தத் திண்ணையில் காத்துக் கிடப்பார்கள். "அந்தம்மா பணம் வராம யாரும் போகக் கூடாது" என்று சொல்லிவிட்டு வசூல்காரர் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஜூனில் ஆளுக்கு இருநூறு, முந்நூறு என்று போட்டு அம்மாவின் தவணையை நிரப்பினார்கள். ஜூலையில் சண்டை வந்தது. இருபது வருஷமாக ஒருவர் வீட்டுக் குழம்பை ஒருவர் வாங்கிச் சாப்பிட்ட பெண்கள், தெருவில் நின்று ஏசிக்கொண்டார்கள். அந்த மாத மீட்டிங்குக்கு அம்மா போகவில்லை. ஆகஸ்டு மீட்டிங்குக்கும் போகவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க எல்லோரும் போய் வந்த பிறகு, உச்சி வெயிலில் குடத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். வசூல்காரர் கையை ஓங்கியதே இல்லை. ஓங்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லாமல் போயிற்று, அந்த வேலையைத் தெருவே செய்தது. அப்போது என் மனசை மிகவும் நோகடித்தது இதுதான்.

பிறகு வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். முதலில் ஒரு பையன், இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசு இருக்கும். அம்மா அவனைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவாள், மோர் கொடுப்பாள். அவனும் "அம்மா, ஏதாவது பாருங்கம்மா, நான் வெறுங்கையோட போனா ஆபீஸ்ல உள்ளயே விடமாட்டாங்க" என்பான். ஆகஸ்டில் அவனோடு இன்னொரு ஆளும் சேர்ந்து வந்தார். நாற்பது வயசுக்காரர். அவர் கம்பெனி ஆள் இல்லை, வெளியிலிருந்து வசூலுக்கென்று அமர்த்திய ஏஜென்சி ஆள் என்பது பின்னால்தான் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு வருவார், இரவு எட்டு மணிக்கும் வருவார். திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தெரு கேட்கும்படி பேசுவார். "சோறு மட்டும் வேளாவேளைக்கு வேகுதுல்ல?" என்பார். "போலீஸ்ல எழுதிக் குடுத்தா ஜீப்பு வரும்" என்பார். ஒரு நாள் என் தங்கைக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தி வீட்டுக்கே போன் போட்டுவிட்டார். நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கடன் ஃபாரத்தில் 'தெரிந்தவர்' என்று இரண்டு நம்பர் கேட்பார்கள், அம்மா வெள்ளந்தியாக அதைக் கொடுத்திருந்தாள்.

நான் இருட்டு வீட்டுக்குள் நுழைந்த அந்த ராத்திரி அம்மா சொன்னாள்: "கழுத்துல கெடக்குறத வச்சாவது கட்டுன்னு சொல்லிட்டுப் போறான்டி. உங்கப்பா கேட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தமிழில் கடன்காரன் என்ற சொல் விநோதமானது. கொடுத்தவனுக்கும் அதே சொல், வாங்கியவனுக்கும் அதே சொல். ஆனால் தெருவில் அது வசவாக விழும்போது வாங்கியவன் மேல்தான் விழுகிறது.

மறுநாள் கடையில் டைப் அடிக்கக் கை ஓடவில்லை. வழக்கமாக வரும் வயதான வக்கீல் ஒருவர், மனு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றார். சொன்னேன். தாலி விஷயத்தைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் சொல்றதக் கவனமாக் கேளு. அவங்க உங்கம்மா மேல கேஸ் போட்டு, ஜெயிச்சு, டிக்ரி வாங்கி, ஜப்திக்கு அமீனாவைக் கூட்டிக்கிட்டு வந்தாக்கூட அந்தத் தாலியத் தொட முடியாது. கோர்ட்டே தொட முடியாதத இவன் யாரு கேக்குறதுக்கு?"

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60-ஆவது பிரிவு. அன்றைக்கே அவர் அலுவலகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தேன். கடனாளியின், அவர் மனைவி மக்களின் உடுதுணி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத ஆபரணம், கைத்தொழில் செய்கிறவரின் கருவி இவற்றையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அந்தக் காகிதம் கையில் சூடாக இருந்தது, மிஷினிலிருந்து வந்த சூடுதான். ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

வக்கீல் இன்னொன்றும் சொன்னார். பணம் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல. அது சிவில் விவகாரம், அதற்குப் போலீஸ் ஜீப் வராது. செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால் வேறு கதை, அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. பேங்க் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ள எழுதிக் கொடுத்து, அது திரும்பினாலும் அப்படித்தான். அம்மா இரண்டும் கொடுக்கவில்லை. கையில் ரொக்கமாகத்தான் கட்டி வந்தாள்.

"லோன் கார்டு இருக்கா? அதோட பின்பக்கத்தப் படிச்சிருக்கியா?" என்று கேட்டார்.

படித்ததில்லை. அம்மாவும் படித்ததில்லை. தெருவில் ஒருத்தரும் படித்ததில்லை. டியூ கட்டியதும் கையெழுத்துப் போட்டு வாங்குகிற முன்பக்கத்தைத்தான் எல்லோரும் பார்ப்போம். அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பொடி எழுத்தில், தமிழில்தான் இருந்தது. வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, புகார் சொல்ல யாரைக் கூப்பிட வேண்டும், அந்த அதிகாரியின் பெயர், நம்பர். அங்கேயும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கிக்கு எப்படிப் போவது. அத்தனையும் எங்கள் பெட்டிக்குள்ளேயே ஒன்பது மாதமாகக் கிடந்திருக்கிறது.

மைக்ரோ ஃபைனான்ஸ் கடன்களுக்கென்று ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. ஏப்ரல் 1 முதல் அது நடைமுறை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் கடன் எல்லாம் இதில் அடங்கும். அதை வக்கீலும் நானும் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தோம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடன் வாங்கியவரை அழைக்கக் கூடாது. ஓயாமல் அழைத்துக்கொண்டும் இருக்கக் கூடாது. மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது. சொந்தக்காரரை, சிநேகிதரை, கூட வேலை செய்பவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பெயரை ஊரறியப் போடக் கூடாது. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பொய் சொல்லிப் பயமுறுத்தக் கூடாது. வெளி ஏஜென்சி ஆளை அனுப்பினால் அவர் யார் என்ற விவரத்தை முன்கூட்டியே கடன் வாங்கியவருக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆள் அடையாள அட்டையோடு, நோட்டீஸ் நகலும் கம்பெனி கொடுத்த அனுமதிக் கடிதமும் கையில் வைத்திருக்க வேண்டும். அபராதம் போட்டால் தவறிய தொகைக்கு மட்டும் போட வேண்டும், மொத்தக் கடனுக்கும் போடக் கூடாது.

எங்களுக்குச் சாதகமில்லாததும் அதில் இருந்தது. வசூல், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஒரு பொது இடத்தில்தான் நடக்க வேண்டும், ஆனால் தொடர்ந்து இரண்டு முறை அங்கே வராவிட்டால் வீட்டுக்கு வரலாம். அம்மா இரண்டு மீட்டிங்குக்குப் போகவில்லை. ஆகவே அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்ததே தப்பு என்று நான் சொல்ல முடியாது. வந்த நேரம் தப்பு. பேசிய பேச்சு தப்பு. சம்பந்தி வீட்டுக்குப் போட்ட போன் தப்பு. இந்த வித்தியாசத்தை வக்கீல் எனக்குப் பொறுமையாக விளக்கினார். "உன் பக்கம் எது பலவீனமோ அத முதல்ல நீயே தெரிஞ்சுக்க. அப்புறம் மனு எழுது" என்றார். அதற்குப் பிறகு நான் டைப் அடித்த ஒவ்வொரு மனுவிலும் இந்த ஒரு பாடம் உதவியிருக்கிறது.

எழுதுவதற்கு ஆதாரம் வேண்டுமே. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். எண்களை முத்து முத்தாக எழுதுவாள். சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் அன்றாடம் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாமல், அதன் பின்னால் எழுதி வைக்கச் சொன்னேன். முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம். பின்பக்கம் அம்மாவின் எழுத்து: "காலை 7.10. ரெண்டு பேர். முக்கால் மணி நேரம் திண்ணை." "ராத்திரி 8.20. பெரியவர் மட்டும். தாலி பேச்சு." எழுதிய தாள்களை ஊசி நூலில் கோத்து, பூ கட்டுகிற மாதிரி முடிச்சுப் போட்டு வைத்தாள். மூன்று வாரத்தில் ஒன்பது தாள் சேர்ந்தது. அதில் ஆறு, ஒன்பது மணிக்கு முன்னோ ஆறு மணிக்குப் பின்னோ வந்தவை.

பத்தாவது தடவை வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். காலை ஏழு ஐந்து. அம்மாவே போய் வாசற்கதவைத் திறந்தாள். நான் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தேன், ஆனால் அவள் என்னை முந்திக்கொண்டாள்.

"தம்பி, மொதல்ல உங்க கார்டக் காட்டுங்க. கம்பெனி லெட்டரையும் காட்டுங்க. மணி ஏழுதான் ஆவுது. ஒம்பது மணிக்கு மேல வாங்க, ஒக்காந்து பேசுவோம்."

அந்தப் பெரியவர் சிரித்தார். "என்னம்மா, சட்டம் பேசுறியா?"

"சட்டம் எனக்கென்ன தெரியும். உங்க கார்டுல எழுதியிருக்கு, நான் கேக்குறேன்" என்று லோன் கார்டைத் திருப்பிக் காட்டினாள். கை நடுங்கியது. கார்டின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். குரல் நடுங்கவில்லை.

பையன் சட்டைப் பையிலிருந்து தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினான். பெரியவரிடம் ஒன்றும் இல்லை. அட்டையும் இல்லை, கடிதமும் இல்லை. அவர் செல்போனை எடுத்து யாரிடமோ பேசிக்கொண்டே பைக்கில் போய் உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சின்னம்மா, புள்ளி வைப்பதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கிளம்பிப் போனதும், ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மாவிடம், "என்னக்கா கேட்ட?" என்று பேசினார்.

அன்றைக்கே புகார்க் கடிதத்தை டைப் அடித்தேன். கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, ஒரே பக்கம். கடன் எண், கட்டிய ஆறு தவணைகளின் தேதி, கட்ட முடியாமல் போன காரணம், அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டு நகல், ஒன்பது காலண்டர் தாள்களின் நகல். கடனை நாங்கள் மறுக்கவில்லை என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: நாலு மாசம் அவகாசம். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். கம்பெனியிடம் முதலில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்பது 2021 நவம்பரில் வந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் அப்போதைய முறை. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டியதில்லை. இணையத்தில் பதியலாம், சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலிலும் அனுப்பலாம். விவரம் கேட்க 14448. அந்தக் கடிதத்தையும் தயாராக டைப் அடித்துத் தேதி மட்டும் போடாமல் வைத்திருந்தேன்.

தேவைப்படவில்லை. இருபத்து நான்காம் நாள், பகல் பதினோரு மணிக்கு, காரில் ஒரு அதிகாரி வந்தார். நாற்காலி போட்டோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலில் கிடந்த அப்பாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். கணக்கைப் பார்த்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. ஜூனில் மற்றவர்கள் சேர்ந்து போட்ட 2,115 ரூபாய் கார்டில் ஏறவே இல்லை. ரசீதும் கொடுத்திருக்கவில்லை. அதனால் ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றும் பாக்கி, 6,345 ரூபாய், அதோடு பெனால்டி என்று சொல்லி 9,450 ரூபாய் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 3,105 ரூபாய் எந்தக் கணக்கில் வந்தது என்று கேட்டேன். அதிகாரி நோட்டில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அதை எடுத்துவிடுகிறோம் என்றார். ஜூன் தவணைக்கு ஒன்பது பெண்களும் சாட்சி சொன்னார்கள். ஏசிக்கொண்ட அதே பெண்கள், வந்து நின்று "நாங்கதான் போட்டோம்" என்று சொன்னார்கள். அதையும் வரவு வைத்தார்கள். டிசம்பரிலிருந்து கட்டலாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது என்பதை எங்கள் தெரு அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. கையில் வாங்கிப் போனவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போய்விடுவார். கம்பெனி, வரவில்லை என்று சொல்லும். கார்டில் கையெழுத்து, செல்போனில் மெசேஜ், அச்சடித்த ரசீது, மூன்றில் ஒன்றாவது அந்த இடத்திலேயே கிடைக்க வேண்டும்.

அதன் பிறகு பெண்கள் கடைக்கு வரத் தொடங்கினார்கள். மற்ற வாடிக்கையாளர் போகட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். முந்தானைக்குள்ளிருந்து கார்டை எடுப்பார்கள். எல்லாக் கதையும் ஒன்று போலவே இருக்காது. பேங்க்கில் பர்சனல் லோன் வாங்கிய ஒரு வாத்தியாருக்கு மைக்ரோ ஃபைனான்ஸ் விதி பொருந்தாது. அந்த மாதிரிக் கடனுக்கு அப்போது ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்டு 12-ஆம் தேதிச் சுற்றறிக்கை இருந்தது, அதில் காலை 8 முதல் மாலை 7 வரை என்று நேரம். செல்போன் ஆப்பில் ஐயாயிரம் வாங்கி, போட்டோவை அசிங்கமாக மாற்றி எல்லோருக்கும் அனுப்பிவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்த கல்லூரிப் பெண்ணுக்கு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கடன் ஆப் எதுவும் நம் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கந்துவட்டி என்றால் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். ஸ்டேஷனில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்புவேன். வக்கீல் வைக்க வசதியில்லை என்கிற பெண்களிடம், கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப்பணிகள் குழுவைக் கை காட்டுவேன். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுப்பார்கள். 15100 என்று போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

2025-இல் தமிழ்நாடு சட்டமன்றம் வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டமே நிறைவேற்றியது. வசூல் கொடுமை தாங்காமல் ஒருவர் உயிரை விட்டால், அதைத் தற்கொலைக்குத் தூண்டிய குற்றமாகவே பார்க்கும் சட்டம் அது. செய்தியைப் படித்த அன்று எனக்கு அடுப்படியும், மடிக்குப் பக்கத்தில் இருந்த செருப்பும்தான் நினைவுக்கு வந்தன. அந்த இருட்டில் அம்மா என்ன யோசித்துக்கொண்டிருந்தாள் என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்த விதிகள் எல்லாம் இருந்தும் ஒரு காரியத்தை அவை தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசூல்காரருக்கு மணிக்கணக்கு இருக்கிறது. குழுவில் கூட இருக்கும் பெண்களுக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி வாயிலாக வருகிற நெருக்கடிக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் நேரம் குறிக்கவில்லை. கட்டாதவளைச் சாக்காக வைத்துக் கட்டியவளை உட்கார வைப்பதை, வெளிப்படையாக, பெயர் சொல்லித் தடை செய்ய வேண்டும். இது என் கருத்து. நாலு கம்பெனி மேனேஜர்களிடம் நேருக்கு நேர் சொல்லியிருக்கிறேன்.

வசூலுக்கு வந்த அந்தப் பையனை மறுபடி ஒரு தடவை பார்த்தேன். பயோடேட்டா டைப் அடிக்க எங்கள் கடைக்குத்தான் வந்தான். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். வசூல் குறைந்தால் ராத்திரி பத்து மணிவரை ஆபீஸில் நிற்க வைப்பார்களாம், மாடியிலேயே ஆறு பேர் தங்கியிருந்தார்களாம். "அம்மா எப்படியிருக்காங்கக்கா?" என்று கேட்டான். அவனிடம் காசு வாங்கவில்லை.

அம்மா கடனைக் கட்டினாள். 2023 டிசம்பரிலிருந்து மறுபடி மாதம் 2,115 ரூபாய். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்கி அதே நூலில் கோத்தாள். 2025-இல் கடைசித் தவணை கட்டிய அன்று, கடன் முடிந்ததென்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் அந்தத் திண்ணையை விட்டு எழுந்தாள். அந்தக் காகிதம் எங்கள் வீட்டுப் பட்டாவோடு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. கொல்லையில் வைத்த கன்றுகளில் இருபத்தொன்று காய்க்கின்றன.

உங்கள் வீட்டிலும் ஒரு லோன் கார்டு இருக்கும். அம்மாவிடமோ அக்காவிடமோ கேட்டு இன்றைக்கே வாங்குங்கள். அதைத் திருப்பி, பின்பக்கத்தில் இருக்கிற புகார் நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கீழே 14448 என்பதையும் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவராக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள்.